வேக்குவம் வரவில்லை என்றதும் பம்பைக் கழற்றாதீர்கள்

கோவைக்குப் பக்கத்தில் புளி பேஸ்ட் தயாரிக்கும் யூனிட் ஒன்றில் பராமரிப்பு என் பொறுப்பு. புளிக்கரைசலைக் குறைந்த சூட்டில் சுண்டவைக்கும் பாத்திரத்துக்கு, சுழலும் தண்ணீர் வளையத்தால் காற்றை இழுக்கும் ஒரு வாட்டர் ரிங் பம்ப், பேக்கிங் மெஷினுக்கு ஆயிலில் சுழலும் தகடுகளால் மணிக்கு 100 கனமீட்டர் காற்றை இழுக்கும் ஆயில் ரோட்டரி வேன் பம்ப். இரண்டும் பல வருடங்களாக ஓடுகின்றன. 'வேக்குவம் வரல', அதாவது உள்ளே வெற்றிடம் உண்டாகவில்லை என்று ஆபரேட்டர் வந்து நிற்கும்போது, பெரும்பாலும் பம்ப் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அதைச் சுற்றி எங்கோ இருக்கும்.

முதல் சந்தேகம் கேஜ் (அழுத்தமானி) மேல். டயலில் பாதரச அளவில் 760 மி.மீ. வரை எண் போட்டிருப்பதால் முள் அதுவரை போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். சாதாரண டயல் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். கோவை ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 725 மி.மீ. தான். அதற்கு மேல் முள் எப்படிப் போகும்? குன்னூர் உயரத்தில் 610 காட்டினாலே அதிகம். முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து மில்லிபார் என்ற அழுத்த அளவில் காட்டும் டிஜிட்டல் கேஜ் வாங்கிய பிறகு எங்கள் யூனிட்டில் பாதி வாக்குவாதம் நின்றது.

அடுத்து, பம்பை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். பைப்பைக் கழற்றி, பம்பின் வாயிலேயே கேஜை வைத்து அடைத்து ஓட்டுங்கள். எங்கள் மாதிரி ஒற்றை ஸ்டேஜ் வேன் பம்ப் சூடான பிறகு 0.5 மில்லிபார் பக்கம் வந்துவிட்டால் பம்பை விட்டுவிடலாம். அப்புறம் பேக்கிங் மெஷினின் சேம்பரில் வேக்குவம் ஏற்றி, வால்வை மூடி, அழுத்தம் ஏறுவதை நிமிடத்துக்கு நிமிடம் எழுதுங்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. வேகமாக ஏறி, பிறகு தளர்ந்து நின்றால் உள்ளே ஈரம். ஓட்டை தேட வேக்குவத்தில் சோப்பு நுரை தடவிக் குமிழிக்காகக் காத்திருப்பது வீண் வேலை, நுரையை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். தாங்கக்கூடிய பைப் லைன் என்றால் லேசாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தடவினால் குமிழி தெரியும். எங்களுக்கு முக்கால்வாசி நேரம் மூடியின் ரப்பர் கேஸ்கெட்தான் அகப்பட்டது.

ஆயில் பம்பில் ஈரம்தான் பெரிய தொல்லை. ஆயில் பால் போல வெளுத்துப்போனால் நீராவி உள்ளேயே தண்ணீராகி நிற்கிறது என்று பொருள். இதற்கென்றே வோல்ஃப்காங் கேடே 1935-இல் கண்டுபிடித்ததுதான் கேஸ் பேலஸ்ட்: கொஞ்சம் வெளிக்காற்றை அழுத்தும் கட்டத்தில் விட்டால், நீராவி தண்ணீராவதற்கு முன்பே வெளியேறிவிடும். கடைசி வேக்குவம் சற்றுக் குறையும், பேக்கிங்குக்கு அது போதும். வேலை முடிந்ததும் வாயை அடைத்து, பேலஸ்ட்டைத் திறந்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். மலிவு என்று என்ஜின் ஆயில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரியவிடாது. மோட்டார் ஆம்பியர் ஏறி, பம்ப் சூடாகி, புகையும் வந்தால் எக்ஸாஸ்ட் ஃபில்டரை முதலில் பாருங்கள்.

வாட்டர் ரிங் பம்புக்கு எதிரி சித்திரை வெயில். 15 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தம் 17 மில்லிபார், 40 டிகிரியில் 74. தண்ணீரே அந்த அழுத்தத்தில் கொதிக்கும்போது பம்ப் அதற்குக் கீழே போக வழியே இல்லை. உள்ளே கூழாங்கல் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம் வரும். சர்வீஸுக்கு வந்தவர் உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை மாற்றச் சொன்னார். நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்குக் கூரை போட்டு, சில்லர் லைனிலிருந்து ஒரு சுருள் குழாய் இறக்கினோம். சத்தம் போய்விட்டது, இம்பெல்லர் இன்னும் பழையதுதான். போர் தண்ணீரின் உப்பு படிவதை மட்டும் வருடாவருடம் ஆசிட் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது. ஈ.பி. லைன் வேலை முடிந்த நாளில் பம்ப் இழுக்கவில்லை என்றால், சுற்றும் திசையையும் பாருங்கள்; கரண்டின் ஃபேஸ் வரிசை மாறியிருக்கலாம்.

வாட்டர் ரிங்குக்குப் பதிலாக, தண்ணீர் இல்லாமல் இரண்டு திருகுத் தண்டுகள் சுழன்று இழுக்கும் டிரை ஸ்க்ரூ பம்ப் போடச் சொல்கிறார்கள். தண்ணீர்ச் செலவு மிச்சம், உண்மைதான். ஆனால் புளிக்கரைசல் பொங்கி பைப்பில் ஏறினால் வாட்டர் ரிங் விழுங்கித் துப்பிவிடும். ஸ்க்ரூவுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி அதைப் பொறுக்காது. அதனால் பாத்திரத்துக்கு அடுத்ததும் வாட்டர் ரிங்தான் வாங்குவோம்.