கத்தரிக்கோலைத் தாளத்திற்கு ஆடவைப்பது: ஆஃப்டர் எஃபெக்ட்ஸுடன் ஒரு நெடுநாள் அனுபவம்

அன்றாடப் பொருள்களைப் படமெடுத்து, அவற்றை இசைக்கு ஏற்ப அசையச் செய்யும் சிறு காணொளிகளைப் பல ஆண்டுகளாக ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்து வருகிறேன். குடை, கெண்டி, மடக்கு நாற்காலி எனப் பலவற்றை ஆட்டுவித்துப் பார்த்த பிறகும், இந்த வேலையைத் தொடங்க விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது கத்தரிக்கோலைத்தான். இரண்டு அலகுகள், ஒரு திருகு, அவ்வளவே அதன் உறுப்புகள். திறப்பதும் மூடுவதும் அதன் இயல்பிலேயே இருப்பதால், தாளத்திற்கு வேண்டிய ஆயத்தமும் தட்டும் அதனிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த மென்பொருளின் பலம் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் அதை நம்பிக் கையை எடுத்துவிடக் கூடாது என்பதை இந்த ஒரு பொருளை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் தேடிப் போவது, ஒலியைக் கீஃபிரேம்களாக, அதாவது எந்த நேரத்தில் என்ன மதிப்பு என்று பதிக்கும் புள்ளிகளாக, மாற்றித் தரும் கட்டளையை. அதை இயக்கியதும் ஒரு நல் (null) லேயர், அதாவது திரையில் தெரியாத வெற்று அடுக்கு, உருவாகி, அதில் இடது, வலது, இரண்டும் சேர்ந்தது என மூன்று ஸ்லைடர்கள் வந்து உட்காரும். ஒவ்வொரு பிரேமிலும், அதாவது காணொளியின் ஒவ்வொரு தனிப் படத்திலும், ஒலியின் வீச்சு எவ்வளவு என்பது எண்ணாகப் பதிவாகியிருக்கும். அந்த எண்ணை எக்ஸ்பிரஷன் என்ற சிறு நிரல்வரி வழியாகக் கத்தரிக்கோலின் கோணத்துடன் இணைத்து, வீச்சு 5 முதல் 30 வரை மாறும்போது அலகு 0 முதல் 25 டிகிரி வரை திறக்கட்டும் என்று லீனியர் சார்பில் எழுதிவிட்டால், சில நிமிடங்களிலேயே பொருள் அசையத் தொடங்கிவிடும். ஆனால் அது நடுக்கம், ஆட்டம் அன்று. ஒலியின் வீச்சு எழும் அதே பிரேமில்தான் பொருளும் எழுகிறது. ஆடுகிறவரோ தட்டு வருவதற்கு முன்பே காலைத் தூக்கியிருப்பார். அந்த முன்னுணர்வு வீச்சு எண்களில் இருக்க வழியே இல்லை. மேலும், முழுப் பாடலின் வீச்சில் குரலும் கம்பி வாத்தியங்களும் தாளக் கருவியும் கலந்து கிடப்பதால், எதற்காகப் பொருள் அசைகிறது என்பதே பார்ப்பவருக்குப் புரியாது. தாளக் கருவியின் ஒலி மட்டும் தனிக் கோப்பாகக் கிடைத்தால் நிலைமை ஓரளவு தேறும். இப்போது இந்தக் கட்டளையை நிழலின் அடர்த்தி, ஒளியின் மினுக்கம் போன்ற துணை அசைவுகளுக்கு மட்டுமே வைத்திருக்கிறேன். அந்த இடங்களில் அது அருமையாக உழைக்கிறது.

முதன்மை அசைவைக் கையால்தான் அமைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது, இதை யாரும் தவிர்க்கக் கூடாது. நிமிடத்திற்கு 120 தட்டுகள் கொண்ட இசையில் ஒரு தட்டுக்கு அரை விநாடி. நொடிக்கு 24 பிரேம் என்றால் அது 12 பிரேம், 30 என்றால் 15 பிரேம். இரண்டும் முழு எண்கள். 25 பிரேம் வைத்தால் பன்னிரண்டரை வருகிறது, ஒவ்வொரு தட்டும் பாதிப் பிரேம் தள்ளாடும். அதே சமயம் நிமிடத்திற்கு 100 தட்டு இசைக்கு 25 பிரேமில் சரியாக 15 வரும், 24 பிரேமில் 14.4 என்று இடறும். எனவே இசையின் காலப்பிரமாணத்தைத் தெரிந்துகொண்ட பிறகே காம்போசிஷனின் (லேயர்களை அடுக்கும் பணிக்களத்தின்) பிரேம் வேகத்தைத் தீர்மானிப்பது நல்லது. ஒலிக் கோப்பு எம்பி3 வடிவில் இருந்தால் அதை வேவ் (WAV) வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எம்பி3 குறியாக்கத்தில் தொடக்கத்தில் சிறு இடைவெளி சேர்ந்துகொள்ளும், முழுக் கணக்கும் அங்கேயே நகர்ந்துவிடும்.

அடுத்து மார்க்கர்கள், அதாவது காலக்கோட்டில் இடும் அடையாளக் குறிகள். இசையை ஓடவிட்டு எண் விசைப்பலகையில் நட்சத்திரக் குறியைத் தட்டினால், தட்டிய இடத்திலெல்லாம் மார்க்கர் விழும். நம் விரல் காதுக்குச் சற்றுப் பின்தங்கும் என்பதால், அந்த மார்க்கர்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எல் விசையை இருமுறை அழுத்தி ஒலி அலையைத் திறந்து, அலை செங்குத்தாக எழும் பிரேமுக்கு ஒவ்வொன்றையும் நகர்த்த வேண்டும். இந்த வேலைக்குக் கம்பியுள்ள ஹெட்ஃபோன்தான் சரி. புளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதால் கண் ஒன்றும் காது ஒன்றும் சொல்லும்.

இனி கத்தரிக்கோலுக்கு வருகிறேன். அலகுகள் அகலமாகத் திறந்த நிலையில் மேலிருந்து நேராகப் படமெடுத்து, இரண்டையும் தனித்தனி லேயர்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். திருகைச் சுற்றி ஒன்றின்கீழ் ஒன்று மறைந்த பகுதியை வரைந்து நிரப்பிவிட்டால் போதும். படத்தில் விழுந்திருக்கும் நிழலை வைத்துக்கொள்ளாதீர்கள். அலகு நகரும்போது அந்த நிழல் நகராமல் குட்டை உடைத்துவிடும். இரண்டு லேயர்களின் ஆங்கர் பாயின்டும் (லேயர் சுழலும் மையப் புள்ளி) திருகின் நடுப்புள்ளியில் இம்மி பிசகாமல் அமர வேண்டும். இரண்டையும் ஒரு நல் லேயருக்குப் பிள்ளைகளாக இணைத்துவிட்டால், அலகுகள் திறந்து மூடுவது ஒரு தளத்திலும், முழுக் கத்தரிக்கோலும் சாய்ந்து நகர்வது இன்னொரு தளத்திலுமாகப் பிரிந்து நிற்கும்.

ஒரு தட்டுக்கு 12 பிரேம் என்ற கணக்கில் நான் வழக்கமாக எடுக்கும் பங்கீடு இது: நான்கு பிரேம் அசையாமை, ஐந்து பிரேமில் நிதானமாகத் திறப்பு, மூன்று பிரேமில் மூடல். சம இடைவெளியில் திறந்து மூடினால் கடிகார ஊசல் போலத்தான் இருக்கும். மூடலைச் சுருக்கும்போதுதான் அது வெட்டுகிறது. மூடல் முடியும் பிரேமைத் தட்டு ஒலிக்கும் பிரேமிலேயே வைக்காமல் ஒரு பிரேம் முன்னதாக வைப்பதே எனக்குத் திருப்தியாக இருக்கிறது. இயற்கையிலும் ஒளிதான் முந்தி வருகிறது: நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும் ஒலி, 24-இல் ஒரு பங்கு நொடியில் பதினான்கு மீட்டர் சொச்சம்தான் கடக்கும். ஆகவே காட்சி ஒலியைச் சற்று முந்தினால் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. பிந்தினால் உடனே உறுத்துகிறது.

இந்த இடத்தில்தான் அசைவை வளைகோடாகக் காட்டித் திருத்தவிடும் கிராஃப் எடிட்டர் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. எஃப்9 விசையில் கிடைக்கும் ஈஸி ஈஸ் இரு முனைகளையும் ஒரே மாதிரி மென்மையாக்கிவிடும். எல்லா அசைவும் பஞ்சுப் பொதியாகிவிடும். வேக வரைபடத்தைத் திறந்து, திறப்பின் முடிவில் கோடு பூச்சியத்தை நோக்கிப் படுத்து வரவும், மூடலின் முடிவில் உச்ச வேகத்திலேயே அறுந்து நிற்கவும் செய்தால், உலோகத்தின் எடை திரைக்கு வந்துவிடும். மூடிய பின் முழு உருவமும் ஒன்றிரண்டு டிகிரி எதிர்ப்புறம் துள்ளி அடங்கட்டும். அந்தத் துள்ளல் இரண்டு பிரேம் பின்தங்கி வருவதற்கு வேல்யூ அட் டைம் என்ற எக்ஸ்பிரஷனில் 0.08 நொடி கழித்தாலே போதும். மூடல் மூன்றே பிரேம்களில் முடிவதால், மோஷன் பிளர் என்ற அசைவு மங்கல் இல்லாவிட்டால் அலகுகள் தாவுவது போலத் தெரியும். அந்த மங்கலின் அளவைத் தீர்மானிக்கும் ஷட்டர் கோணம் இயல்பாக இருக்கும் 180 டிகிரியே இதற்குப் போதுமானது.

எந்தப் பொருளுக்கு எந்த அசைவு என்பதை மென்பொருள் சொல்லித் தராது. கத்தரிக்கோலை நசுக்கி நீட்டக் கூடாது. எஃகு அப்படி வளைந்தால் அது ரப்பராகிவிடும். குடையின் துணிக்கு அது பொருந்தும், அப்போதும் உயரத்தை 110 சதவீதம் ஆக்கினால் அகலம் சுமார் 91-க்கு இறங்க வேண்டும், பருமன் மாறாமல் இருப்பதற்காக. கண்ணும் வாயும் ஒட்டவைப்பதையும் நான் ஏற்பதில்லை. 1957-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திற்காக நார்மன் மெக்லாரன் எடுத்த குறும்படம் ஒன்றில், ரவிசங்கரின் இசையோடு ஒரு மர நாற்காலி தன்மேல் யாரையும் உட்கார விடாமல் முரண்டு பிடிக்கும். முகமே இல்லாத அந்த நாற்காலியின் பிடிவாதம் முழுவதும் அசைவிலிருந்தே வருகிறது.

எல்லாத் தட்டுக்கும் பொருளை அசைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்கு தட்டு கொண்ட நான்கு ஆவர்த்தனம், 120 வேகத்தில் எட்டு நொடி; அதில் முதல் மூன்றில் ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, நான்காவதன் கடைசித் தட்டில் திறந்தபடியே நிறுத்திவிட்டால், அடுத்த எடுப்புக்காகப் பார்ப்பவர் தானே காத்திருப்பார்.

குறைகள் உண்டு. முன்னோட்டம் கணக்கிடப்பட்டுச் சேமிக்கப்பட்ட பிறகே உரிய வேகத்தில் ஓடும் என்பதால், லேயர்களும் மோஷன் பிளரும் கூடக் கூட, ஒரு பிரேம் திருத்தத்தைக் கேட்டுப் பார்ப்பதற்கே காத்திருக்க வேண்டியிருக்கும். இசைக்கு அசைக்கும் வேலையில் இது சிறிய இடையூறு அன்று. முன்னோட்டத் தெளிவைப் பாதியாகவோ காலாகவோ குறைத்து, பிளரைக் கடைசியில் இயக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். 2021-இல் வந்த 22-ஆம் பதிப்பிலிருந்து பல பிரேம்கள் ஒரே சமயத்தில் கணக்கிடப்படுவதால் இறுதி ரெண்டர், அதாவது காணொளிக் கோப்பை உருவாக்கும் வேலை, வேகமாகியிருக்கிறது.

2013 முதல் புதிய பதிப்புகள் சந்தா முறையில் மட்டுமே கிடைக்கின்றன. ஆண்டுக்கு ஓரிரு காணொளி செய்பவருக்கு அது சுமைதான். அவர்கள் பிளெண்டர் என்ற இலவச அசைவூட்ட மென்பொருளில் தொடங்கலாம். ஒலியை வளைகோடாக மாற்றும் வசதி அங்கும் உண்டு, குறிப்பிட்ட அலைவெண் எல்லையை மட்டும் பிரித்தெடுக்கவும் அது இடம் தருகிறது. அதன் வளைகோட்டுத் திருத்தியும் நல்ல தரமானது. ஆனால் புகைப்படத்தை வெட்டி, லேயர் லேயராக அடுக்கி, ஒவ்வொரு தட்டுக்கும் வேகக் கோட்டைச் செதுக்கும் இந்தக் குறிப்பிட்ட வேலையை மாதந்தோறும் செய்பவராக இருந்தால், நான் இன்றும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸையே எடுக்கச் சொல்வேன்.