தேத்தண்ணியும் தண்டனையும்: பிள்ளையை எந்தக் கம்பஸுக்கு அனுப்புவது?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் போன கிழமை மகளின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் ஏ.எல் முடித்துவிட்டு அமெரிக்காவில் இடம் தேடுகிறாள். மற்ற இடங்களைவிடக் கட்டணம் குறைவு என்று அவள் கண்டுபிடித்தது, யூட்டா மாநிலத்தில் புரோவோ நகரிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகம். "தம்பி, அங்க தேத்தண்ணி குடிக்கக்கூடாதாம். உண்மையோ?" என்றார்.

உண்மைதான். 1875இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் மோர்மன் என்று பொதுவாக அழைக்கப்படும் சபையினருடையது. தேயிலை, கோப்பி, மது, புகையிலை எதுவும் ஆகாது. ஆண்கள் தாடி வளர்க்கக்கூடாது. திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது. இதெல்லாம் கம்பஸ் வாசலோடு நின்றுவிடுவதில்லை. வாடகை வீட்டிலும் விடுமுறையிலும் கூடவே வரும். சேரும்போது இந்த விதிகள் அடங்கிய ஒழுக்கக்கோவையில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஆண்டுதோறும் சமயத் தலைவர் ஒருவரின் ஒப்புதலும் வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனை ஏ எடுத்திருந்தாலும் படிப்புத் தொடராது. கஃபீன் உள்ள கோலாவையே 2017இல்தான் வளாகத்துக்குள் விற்கத் தொடங்கினார்கள்.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "நல்ல கட்டுப்பாடு, பிள்ளை கெட்டுப்போகாது" என்பது ஒன்று. "இதென்ன சிறைச்சாலையோ" என்பது மற்றது. இரண்டுமே கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கம் என்பதை மட்டும்தான் பார்க்கின்றன. நான் முதலில் பார்ப்பது வேறொன்று: ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்து, முறையிடப் போனால், அந்த விதிகள் அவள் பக்கம் நிற்குமா, அவள் மேலேயே பாயுமா?

பிரிகாம் யங்கில் 2016இல் இதுதான் வெடித்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானதாக முறையிட்ட மாணவிகளையே, அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தாய், குடித்திருந்தாயா என்று ஒழுக்கக்கோவையின் கீழ் விசாரித்தார்கள். மாணவிகள் வெளிப்படையாகப் பேசினார்கள். கடைசியில் பல்கலைக்கழகம் இறங்கி வந்து, முறையிட வருபவர் அந்தச் சம்பவத்தோடு சேர்ந்த விதிமீறலுக்காகத் தண்டிக்கப்படமாட்டார் என்று விலக்கு அளித்தது. விதி மாறவில்லை, தேத்தண்ணி இன்றும் கிடையாது. ஆனால் முறையிடப் போவதில் இருந்த பயத்துக்கு ஒரு பதில் எழுத்தில் வந்தது.

வர்ஜீனியாவில் லிபர்ட்டி பல்கலைக்கழகம் என்று இன்னொன்று. 1971இல் ஜெரி ஃபால்வெல் என்ற போதகர் தொடங்கியது. 'லிபர்ட்டி வழி' என்பது அங்குள்ள கோவையின் பெயர். பெயரில் சுதந்திரம் இருப்பது பகிடிதான். வளாகக் குற்றங்களை ஒழுங்காக அறிவிக்காததற்காக 2024இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் அதற்கு 1 கோடியே 40 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. முறையிட்டால் கோவையின்படி தனக்கே தண்டனை வரும் என்று மாணவிகள் பயந்து வாயை மூடியிருந்ததும் அந்த விசாரணையில் வெளிவந்த விடயங்களில் ஒன்று. காகிதத்தில் பார்த்தால் இதுவும் பிரிகாம் யங்கும் ஒரே மாதிரிக் கட்டுப்பாடுகள்தான். ஒன்று மாணவிகள் பேசியதும் திருத்திக்கொண்டது, மற்றதற்குத் தண்டம் தேவைப்பட்டது. என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றென்றால் பிரிகாம் யங்தான்.

அமெரிக்காவிலேயே கத்தோலிக்கரின் நொட்ரடாம் பல்கலைக்கழகம் இவற்றைவிடக் கொஞ்சம் இளகியது. அங்கே அன்றாடம் உறைப்பது விடுதி விதி. ஆண்கள் விடுதி வேறு, பெண்கள் விடுதி வேறு. எதிர்ப்பாலார் வார நாட்களில் நள்ளிரவோடும் வெள்ளி, சனியில் இரவு இரண்டு மணியோடும் வெளியேற வேண்டும். தேத்தண்ணிப் பிரச்சினை இல்லை. கட்டணம்தான் தலையைச் சுற்றும்.

எகிப்தின் இஸ்லாமியப் பல்கலைக்கழகமான அல்-அஸ்ஹர் வேறு ரகம். 2019 ஜனவரியில் ஒரு மாணவன் பூங்கொத்தோடு காதலைச் சொல்லி மாணவி ஒருத்தியைக் கட்டிப்பிடித்த காணொளி பரவியது. அவள் அல்-அஸ்ஹர் மாணவி. சம்பவம் நடந்ததோ மன்சூரா பல்கலைக்கழக வளாகத்தில். அல்-அஸ்ஹர் அவளை நிரந்தரமாக வெளியேற்றியது. பிறகு தலைமை இமாம் அஹ்மத் அல்-தய்யிப் மறுபரிசீலனை செய்யச் சொன்னதும் தண்டனை குறைந்தது. இதில் என்னை உறுத்துவது தண்டனையின் அளவு அல்ல. காணொளி பரவாமல் இருந்திருந்தால் தண்டனையே இருந்திருக்காது. அதாவது தண்டிக்கப்பட்டது கட்டிப்பிடிப்பு அல்ல, ஊர் பார்த்தது.

இது நமக்குப் புதுசா? கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, அரசாங்கத்துடையது. எந்த மதத்தின் கோவையும் அங்கே இல்லை. வகுப்பறைக்கு வெளியே மாணவரைத் தண்டிக்கும் சட்டம் ஒன்று அங்கும் உண்டு: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் பகிடிவதை குற்றம்தான். இரண்டு வருடம் வரை கடுங்காவல் சிறை. ஆனால் அங்கே அடி வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். தேத்தண்ணி குடித்தவரால் யாருக்கு என்ன நட்டம்?

சரி, மதக் கோவை இல்லாததால் நம் பிள்ளைகள் சுதந்திரமாகத் திரிகிறார்களா என்றால், அதுவும் இல்லை. டச்சு பே கடற்கரையில் ஒரு பையனும் பெண்ணும் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்தால், அவர்கள் எழும்ப முன்னமே வீட்டுக்கு அழைப்புப் போய்விடும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்களைப் படம் எடுக்க நின்றவர்களை, யாரோ படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். இங்கே விதி எழுதப்படவில்லை. அதனால் மேன்முறையீடும் இல்லை, விலக்கும் இல்லை.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். வேறு ஊரில் படித்தபோது ஒரு சமய நிறுவனத்தின் விடுதியில் இருந்தேன். என் அறைத்தோழன் இரண்டாம் காட்சி படம் பார்த்துவிட்டு வந்ததாக யாரோ சொல்ல, மறுநாளே பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். கடிதம் இல்லை, விசாரணை இல்லை. எந்த விதி என்று கேட்டதற்கு, "உனக்கே தெரியும்" என்பதுதான் பதில். கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று இருந்திருந்தால், குறைந்தது அதைத் தூக்கிக் காட்டிச் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

அதனால்தான் எழுதின விதி, எவ்வளவு இறுக்கமானாலும், எழுதாத விதியைவிட எனக்குப் பரவாயில்லை. அதற்காக எழுதினதெல்லாம் நல்லது என்றும் இல்லை. தென் கரோலினாவின் பொப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் வெள்ளையரும் கறுப்பரும் காதலிக்கக்கூடாது என்பதும் எழுதின விதிதான். அதனால் 1983இல் உச்ச நீதிமன்றத்தில் வரிவிலக்கை இழந்தும், 2000 வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. கோவையை முழுதாக வாசிக்கச் சொன்னேன். முறையிடுபவருக்கு விலக்கு இருக்கும் பக்கத்தை மகளுக்குத் தனியாகக் காட்டினேன். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். அப்புறம் அக்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்துவிட்டு, "நாலு வருசம்தானே" என்றாள். அக்காவின் முகத்தில்தான் தெளிவு வரவில்லை.