நாட்டுக்கோழி என்று சொல்லி முட்டைக்கோழியை வைத்தார்கள்: கோபி – ஈரோடு பாதையில் சாப்பிட நிறுத்துகிறவர்கள் கவனத்துக்கு

கொடிவேரி அணையில் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் 'விறகடுப்பு, நாட்டுக்கோழி, பள்ளிபாளையம்' என்று போர்டைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு வாரம் முன்பு நாங்கள் ஐந்து பேர் அப்படித்தான் நிறுத்தினோம். 4,110 ரூபாய்க்குச் சீட்டு வந்தது. பணம் போனதுகூடப் போகட்டும். இலையில் விழுந்தது நாட்டுக்கோழியே இல்லை, பண்ணையில் முட்டை போட்டு ஓய்ந்த கோழி என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கிறது. நான் விசாரித்த வரைக்கும் இந்த வேலையைச் செய்வது ஒரு கடை மட்டுமில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் உட்காருவீர்கள். அதனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதையே சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா வேலைக்காக வடக்கே போய் முப்பது வருடமாகிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் சித்தியோடு ஈரோடு வருவார். வந்தால் அவர் கேட்பது இரண்டே விஷயம்: கொடிவேரியில் ஒரு குளியல், அப்புறம் பள்ளிபாளையம் சிக்கன். அன்றைக்குக் காலையிலேயே கிளம்பிவிட்டோம். அணையில் தண்ணீர் நன்றாக விழுந்தது. குளித்து ஏறியதும் கரையில் மீன் வறுக்கும் ஓர் அம்மாவிடம் ஆளுக்கு ஒரு மீன் வாங்கினோம். மசாலா தடவிய மீனைத் தட்டோடு நம் முன்னால் நீட்டி, "இது அம்பதுங்க, இந்தப் பெருசு எம்பதுங்க, எது போடட்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணெயில் போட்டார். அதே நாளில் மதியம் நடந்ததோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த அம்மாவின் கேள்விதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

கவுந்தப்பாடியில் சித்தி நாட்டுச் சர்க்கரை வாங்க வேண்டும் என்று நிறுத்தியதில் மணி இரண்டரை ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பள்ளிபாளையம் வரைக்கும் போவதானால் ஈரோட்டைத் தாண்டி, காவிரிப் பாலத்தையும் தாண்ட வேண்டும். அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. தென்னங்கீற்றுக் கூரை, வாசலில் மண்பானை, பக்கத்தில் ஒரு கூண்டில் நான்கைந்து நாட்டுச் சேவல். சித்தப்பா இந்தக் கடையை ஏதோ வீடியோவில் பார்த்ததாகச் சொன்னார். சரி என்று இறங்கினோம்.

உள்ளே கரும்பலகையில் 'நாட்டுக்கோழி பள்ளிபாளையம் 190' என்று எழுதியிருந்தது. பரிமாறுகிற தம்பி நல்ல மரியாதையாகப் பேசினார். "அஞ்சு பேருக்குத் தனித்தனி ப்ளேட் எதுக்குங்ணா? ஒரு முழுக் கோழியாப் போட்டுறலாமுங்க, சூடா வரும்" என்றார். நானும் சரி என்றேன். சோறு வருவதற்குள் ஒரு பெரிய தட்டில் கிண்ணம் கிண்ணமாகக் குடல் கறி, ரத்தப் பொரியல், தலைக்கறி, மூளை, ஈரல் எல்லாம் வந்தது. "தொட்டுக்கங்க, எல்லாம் நம்ம ஊட்டுச் சமையலுங்க" என்று ஆறு கிண்ணங்களை எடுத்து எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். விலை எதுவும் சொல்லவில்லை.

தட்டில் கொண்டுவந்து காட்டுவது எங்கள் பக்கத்து மெஸ்களில் வழக்கம்தான். ஈரோட்டில் நான் வழக்கமாகப் போகும் இடத்திலும் அப்படித்தான் வரும். ஆனால் அங்கே தட்டு நம் பக்கத்தில் நிற்கும், ஒவ்வொன்றும் என்ன விலை என்று வாயால் சொல்வார்கள், நாம் கை காட்டியது மட்டும்தான் இறங்கும். கேட்காமலேயே இறக்கி வைத்தால் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். விருந்தாளிகளை உட்கார வைத்துக்கொண்டு 'இது எவ்வளவு, அது எவ்வளவு' என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அந்தக் கிண்ணங்கள் மேசைக்கு வருகின்றன என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து கோழி வந்தது. பள்ளிபாளையம் சிக்கன் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கறியைப் பொடியாக வெட்டுவார்கள். எண்ணெயில் விதை எடுத்த வரமிளகாயும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் வதங்கும். அதோடு மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். அவ்வளவுதான். மல்லித்தூள், கரம் மசாலா எதுவும் கிடையாது. தண்ணீர் சுண்டி, மிளகாயும் தேங்காயும் கறியோடு பிரண்டு கிடக்கும். மசாலா இல்லாததால் கறி எப்படிப்பட்டதோ அதுதான் நாக்குக்குத் தெரியும். கெட்ட கறியை அதில் ஒளிக்க இடமில்லை.

எங்களுக்கு வந்ததோ சிவப்பாக, மசாலாப் பொடி குழைவாக அப்பி இருந்தது. வரமிளகாய் மேலே நாலு தூவியிருந்தார்கள். தேங்காயைத் தேட வேண்டியிருந்தது. கறி கடிபடவில்லை, நார் நாராக வந்தது. சித்தப்பா, "நாட்டுக்கோழின்னா இப்படித்தான் கெட்டியா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். அம்மா இரண்டு துண்டு எடுத்தார். அதற்கு மேல் ரசத்தையும் மோரையும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். பல் வலிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டு ஒரு துண்டுத் தாளில் வந்தது. கடைப் பெயர் இல்லை, எண் இல்லை, கையெழுத்துத்தான். கோழி 2,280. ஆறு கிண்ணம், கிண்ணம் 140 வீதம் 840. சாப்பாடு ஐந்துக்கு 750. தண்ணீர் 40. 'சர்வீஸ்' என்று ஒரு 200. நான் கல்லாவில் இருந்தவரிடம், பலகையில் 190 என்றுதானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து பலகையைக் காட்டினார். 190-க்குக் கீழே, சாக்பீஸில் பொடி எழுத்தில் '100 கி' என்று இருந்தது, அதாவது நூறு கிராமுக்கு 190. கோழி 1,200 கிராமாம். அந்த 1,200 கிராமும் உயிர் எடை. இறகு, குடல், தலை, கால் எல்லாம் போனால் அதில் கறியாகத் தேறுவது முக்கால் கிலோ பக்கம்தான் வரும். வெந்த பிறகு இன்னும் சுருங்கும். நாங்கள் சாப்பிடாத இறகுக்கும் காசு. எடை போட்டதை யாரும் எங்களுக்குக் காட்டவும் இல்லை. கிண்ணங்களைப் பற்றிக் கேட்டதற்கு, "நீங்கதானுங்களே எடுத்துச் சாப்பிட்டீங்க" என்றார்.

சர்வீஸ் 200-ஐ மட்டும் நான் விடவில்லை. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஓட்டல்காரர்கள் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. இதைச் சொன்னதும் பேச்சு வளர்க்காமல் சீட்டில் அந்த 200-ஐ அடித்துவிட்டார். முறையான பில் கேட்டேன். மிஷின் ரிப்பேர் என்றார். 3,910 ரூபாயை மொபைலில் அனுப்பினேன். கியூஆர் கோடு கடைப் பெயரில் இல்லாமல் ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. மீந்த கறியை மட்டும் பார்சல் கட்டச் சொல்லி எடுத்துக்கொண்டேன். அதைச் செய்தது நல்லதாகப் போயிற்று.

வண்டியில் ஏறிச் சித்தோடு வந்த பிறகுதான் அம்மா மெதுவாகச் சொன்னார். "கண்ணு, அது முட்டைக்கோழி."

அம்மா சென்னிமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்த பிறகும் பல வருடம் இருபது முப்பது கோழிக்குக் குறையாமல் வளர்த்தவர். அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சின்னவன் அத்தனை ஆசையாத் தின்னுட்டு இருந்தான். அப்ப எப்படிச் சொல்றது?" என்றார். சித்தப்பா முன் இருக்கையில் ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் வந்த கோபம் அந்த நிமிடம் வந்ததுதான். பில்லுக்காகக்கூட அவ்வளவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டி, அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் விஷயம் தோல். எங்கள் பக்கம் நாட்டுக்கோழியை இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவித் தோலோடுதான் வெட்டுவார்கள். அந்த வாட்டிய வாசனை குழம்பு வரைக்கும் வரும். இந்தக் கறியில் ஒரு துண்டில்கூடத் தோல் இல்லை. அடுத்தது எலும்பு. நாட்டுக்கோழி கால் எலும்பு கெட்டியாக இருக்கும், கடித்து உடைக்கப் பல் வேண்டும். இதையோ அம்மா இரண்டு விரலால் படக்கென்று முறித்தார். கூண்டிலேயே நின்று தினம் முட்டை போடுகிற கோழியின் எலும்புச் சத்து முட்டை ஓட்டுக்கே போய்விடும், நடமாட்டமும் கிடையாது, அதனால் எலும்பு வலுவிழந்துவிடும். அப்புறம் துண்டுகளில் கட்டி கட்டியாகத் தொங்கிய கொழுப்பு. மேய்ந்து திரிகிற வெடைக்கோழியில் அவ்வளவு கொழுப்பு வராது என்றார்.

இது ஏன் இங்கே இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்றால், நாமக்கல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பண்ணைகளில் சுமார் 20 வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கிற கோழி, 70, 80 வாரம் தாண்டி முட்டை குறைந்ததும் கறிக்கு விற்கப்படும். விலை நாட்டுக்கோழியில் பாதிக்கும் கீழேதான். அதைச் சாப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் வீட்டிலும் குழம்புக்கு வாங்கியிருக்கிறோம், நன்றாக வேகவிட்டால் சாறு நன்றாகவே இருக்கும். முட்டைக்கோழி என்று சொல்லி அந்த விலைக்கு வைத்தால் நானே சாப்பிடுவேன். பிராய்லரை நாட்டுக்கோழி என்று விற்றால் பஞ்சுபோல் இருப்பதால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வயதான முட்டைக்கோழி கெட்டியாக இருப்பதால், கெட்டியாக இருந்தால் நாட்டுக்கோழி என்று நினைக்கிற எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. வாசலில் கூண்டில் நின்ற சேவல்கள் வெறும் விளம்பரம்.

இப்போது நான் எங்கே போனாலும் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: விலை ப்ளேட்டுக்கா, எடைக்கா? எடைக்கு என்றால் உயிர் எடையா, கறி எடையா? கோழி தோலோடு வாட்டினதா? உண்மையான நாட்டுக்கோழி வைத்திருப்பவர் மூன்றாவது கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்கிறார். அதைப் போன வாரம் பெருந்துறைப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் பார்த்தேன், "வந்து பாருங்க" என்று அடுப்படிக்கே கூட்டிப் போனார். கேட்காமல் வைக்கிற கிண்ணத்தைத் தொடாமல் எடுத்துப் போகச் சொல்லிவிடுங்கள். பலகையைக் கிட்டப்போய் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு எழுத்தை அழித்துவிட முடியாது. பணத்தை மொபைலில் கொடுங்கள், அதுவாவது சாட்சியாக இருக்கும். பில்லில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் அதை பில்லில் போட்டே ஆக வேண்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-வது பிரிவு, வாடிக்கையாளர் கேட்ட தன்மையில் இல்லாத உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. பதிவு மட்டும் செய்துகொள்கிற சின்னக் கடைகளுக்கு இது 25,000 வரை. நான் சீட்டு, பலகை போட்டோ, பணம் அனுப்பிய விவரம், எலும்பும் கறியும் தட்டில் இருக்கும் படம் எல்லாவற்றையும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பினேன். எடை விஷயத்தையும் பில் கொடுக்காததையும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தனியாகப் பதிவு செய்திருக்கிறேன். பார்சல் கறியில் கொஞ்சம் இன்னும் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.

கோபி, கவுந்தப்பாடி, சித்தோடு வழியில் உங்களுக்கும் இப்படி ஒரு துண்டுச் சீட்டு கிடைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதியை எழுதி, அதே எண்ணுக்கு அனுப்புங்கள்.