சிபில் மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வேலை போனதால் என் கிரெடிட் கார்டு நிலுவை 72,000 ரூபாயை எட்டியது. வசூலுக்கு வந்தவர் சொன்னபடி மறு ஆண்டு 35,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டி, கடன் தீர்ந்தது என்றே நம்பியிருந்தேன். ஆனால், மீதியை வங்கி தள்ளுபடி செய்து முடித்த கணக்கு, நம் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று பதிவாகாமல் ‘செட்டில்டு’ என்றே நிற்கும் என்பது, சென்ற ஆண்டு புதிய கார்டுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகளுக்குக் காட்டும் சிபில் மதிப்பெண், 300 முதல் 900 வரையிலான அளவில் எனக்கு அப்போது 612.

அந்த வாரமே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 45 நாள்களில் மதிப்பெண்ணை 750க்கு மேல் கொண்டுவந்து கார்டும் வாங்கித் தருவதாகச் சொன்னார். 8,500 ரூபாயும், பான், ஆதார் நகல்களும், அவர் கேட்டபோதெல்லாம் ஓடிபி எண்களும் கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது.

அவர் செய்தவை இரண்டு. அந்தக் கடன் என்னுடையதே அல்ல என்று என் பெயரில் பொய்யாக ஆட்சேபம் பதிந்தார். கடன் கொடுத்த வங்கி உறுதி செய்யாமல் கடன் விவரங்களைத் தொகுக்கும் சிபில் நிறுவனம் எந்தப் பதிவையும் மாற்றாது என்பதால் அந்த ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. அதைவிடக் கொடுமை, எனக்குத் தெரியாமலே ஐந்து வங்கிகளில் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும்; குறுகிய காலத்தில் அவை குவிந்தால், கடனுக்கு அலைபவர் என்ற எண்ணமே வங்கிகளுக்கு உண்டாகும். என் மதிப்பெண் 574க்கு இறங்கியது. அவருடைய எண் இப்போது அணைந்து கிடக்கிறது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் திரும்பவில்லை.

அவரிடம் காசு கொடுத்துக் கேட்ட வேலையில் நியாயமானது அனைத்தையும் நாமே செய்துகொள்ள முடியும். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பதிவில் உண்மையாகவே தவறிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கக் கட்டணம் இல்லை. 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. சரியான பதிவை அழிக்க எவராலும் முடியாது.

நான் பழைய வங்கிக்கே நேரில் சென்று, அவர்கள் கணக்கிட்டுச் சொன்ன மீதியைக் கட்டி, நிலுவையில்லாச் சான்றிதழ் வாங்கிய பிறகே ‘செட்டில்டு’ என்பது மாறியது. கார்டு கிடைத்ததும் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில்தான்: 25,000 ரூபாய் வைப்புத் தொகையின் பேரில் 20,000 ரூபாய் வரம்பு.

ஏற்கெனவே யாரிடமாவது ஓடிபி கொடுத்துவிட்டவர்கள், கடன் அறிக்கையைப் பார்க்கும் தங்கள் இணையக் கணக்கில் பதிவாகியுள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தங்களுடையவைதானா என்று இன்றே பார்த்துக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.