இ-சினிபிரமான்: பெங்களூரில் ஆவணப்படம் எடுக்கும் தமிழர்களுக்கு எப்படி?

சென்சார் விண்ணப்பத்துக்கான இ-சினிபிரமான் தளம் 2017-இல் வந்தது. கட்டணமும் ஆவணங்களும் இணையத்திலேயே முடிவதால், கோரமங்களா கேந்திரிய சதனில் இருக்கும் தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்குக் கட்டுக்கட்டாகப் பேப்பர் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அந்த வகையில் நல்ல சேவை. துப்புரவுப் பணி, குடிசை அகற்றம் என்று எடுக்கும் சிறு தயாரிப்பாளர் திணறுவது தளத்தில் அல்ல, அதில் ஏற்ற வேண்டியவற்றைத் திரட்டுவதில்தான்.

சான்றிதழ் தேவையா என்பதை முதலில் பாருங்கள். யூடியூப், ஓடிடிக்கு வேண்டாம். திரைப்பட விழாவுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு போதும். தியேட்டர், பொது அரங்கு என்றால் கட்டாயம். 'ஏ' வாங்கிய படம் அப்படியே டிவிக்குப் போகாது; திருத்தி மறுபடி விண்ணப்பிக்க 2023 சட்டத் திருத்தம் வழி வைத்திருக்கிறது. சான்றிதழின் பத்தாண்டுக் கெடுவையும் அதே திருத்தம் நீக்கிவிட்டது.

பலர் மாட்டுவது பீடியில். தொழிலாளி கையில் பீடி தெரிந்தால் அந்தக் காட்சியின் அடியில் எச்சரிக்கை வரி வேண்டும். அதோடு தொடக்கத்திலும் நடுவிலும் தலா 30 விநாடி சுகாதாரத் துணுக்கு, தலா 20 விநாடி அறிவிப்பு. மொத்தம் 100 விநாடி. 25 நிமிடப் படத்துக்கு இது கொஞ்சநஞ்சமல்ல. புகையிலையின் கேட்டையே சொல்லும் ஆவணப்படத்துக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் எடிட்டிங்கிலேயே இடம் விட்டுவிடுங்கள். ஆடு மாட்டை வைத்துக் காட்சி அமைத்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதியும் வேண்டும். வாரியம் இப்போது சென்னையில் இல்லை, ஹரியானாவின் பல்லப்கரில். அந்த வேலையை முன்னதாகவே தொடங்குங்கள்.

பின்னணி இசையும் ஒலிக்கலவையும் முடிந்த பிரதியைத்தான் அனுப்ப வேண்டும். பேட்டிகளில் தமிழும் கன்னடமும் தக்கனி உருதுவும் கலந்து வரும். கடைசி எடிட்டைப் பார்த்தே வசனப் பிரதி எழுதுங்கள். பழைய வசனப் பிரதியை ஏற்றினால் படமும் தாளும் ஒத்துப்போகாது.

பெரிய ஓட்டை மேல்முறையீட்டில். வாரியத்தின் மறுஆய்வுக் குழுவும் கைவிட்டால், முன்பு திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். ஆனந்த் பட்வர்தனின் அணு ஆயுத எதிர்ப்பு ஆவணப்படம் 2003-இல் வெட்டில்லாமல் திரையிட அனுமதி பெற்றது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் வழியாகத்தான். அரசியல் காரமுள்ள படமென்றால் வக்கீல் செலவையும் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.