மருந்து போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேன்: அலர்ஜிக்காரரை ஏற்றுக்கொண்ட ஒரு மையம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், வேறொரு மையத்தில், உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி ஸ்கேன் எடுத்த பத்தாவது நிமிடத்தில், என் அக்காவின் கழுத்திலும் கைகளிலும் காணாக்கடி தடித்துத் தடித்து எழும்பியது. ஊசி போட்டதும் அது ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது; ஃபைலின் முகப்பில் சிவப்பு மையால் எழுதிய ‘அயோடின் அலர்ஜி’ மட்டும் அப்படியே நின்றது. இப்போது கணையத்தைப் பார்க்க மறுபடியும் அதே வகை ஸ்கேன் தேவைப்பட்டபோது, இந்த இரண்டு சொற்களைக் கேட்டதுமே இரண்டு மையங்கள் தொலைபேசியிலேயே கையை விரித்தன. மூன்றாவதாக விசாரித்த மதுரை மையம் ஒப்புக்கொண்டது. அதன் குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

விசாரித்த அன்று மாலையே அங்குள்ள ரேடியாலஜி மருத்துவர் கூப்பிட்டுப் பேசினார். “சார், அயோடின் நம்ம தைராய்டுலயே இருக்கு, அதுக்கு யாருக்கும் அலர்ஜி வராது. அன்னைக்குப் போட்ட மருந்து எதுன்னு பேரை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க” என்றார். பழைய மையத்துக்கு இரண்டு முறை நடந்த பிறகே பில்லில் அந்தப் பெயர் கிடைத்தது: அயோஹெக்சால்.

அவர் பெயரைக் கேட்டதன் காரணம் மறுநாள் விளங்கியது. சி.டி. ஸ்கேனுக்கு ஊசிவழி ஏற்றும் இந்த மருந்துகள் எல்லாமே அயோடின் அணுக்கள் மூன்று ஒட்டிய ஒரு வளையத்தைச் சுற்றிக் கட்டப்பட்டவை. வளையத்தின் பக்கக்கிளைகள்தான் மருந்துக்கு மருந்து மாறுகின்றன. அயோடின்தான் எதிரி என்றால் மருந்தை மாற்றிப் பயனில்லை. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்தே சீறுகின்றன என்பதால்தான் மாற்று மருந்து கைகொடுக்கிறது. இன்னொரு கான்ட்ராஸ்ட் மருந்தான அயோடிக்சனால் ஏறத்தாழ இரண்டு அயோஹெக்சாலை இணைத்தது போன்றது என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, பக்கக்கிளைகள் வேறுபட்ட அயோபாமிடாலைத் தேர்ந்தெடுத்ததாக மருத்துவர் சொன்னார்.

ஒரு தாளின் பின்பக்கத்தில் அவர் வரைந்து காட்டியதுதான் இந்த மையத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். தோலுக்கடியிலும் மூச்சுக்குழாய்ச் சுவரிலும் இரத்தக்குழாய்களை ஒட்டியும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் நிரம்பிய துகள்களை வயிறு முட்ட வைத்திருக்கும் இவற்றுக்கு, தீனி போட்டுக் கொழுத்தவை என்ற பொருளில் 1878-இல் பெயரிட்டவர் ஜெர்மனியின் பால் எர்லிக். முன்பே மருந்துக்குப் பழகிய உடம்பில் உருவாகும் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருள்கள் இச்செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்க, அந்த மருந்து மறுபடி வந்து அவற்றைச் சேர்த்துப் பிடித்த கணத்தில் துகள்கள் வெடித்து வெளியேறுகின்றன. இது ஒரு வழி. ஆனால் அக்காவுக்கு அதுதான் வாழ்நாளில் முதல் கான்ட்ராஸ்ட்! எதிர்ப்பொருளின் துணையில்லாமலே மாஸ்ட் செல்லைத் தட்டியெழுப்பும் எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்2 என்ற ஏற்பியின் வழியாகப் பல மருந்துகள் இதே விளைவை உண்டாக்குவதை 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில கான்ட்ராஸ்ட் மருந்துகளும் இவ்வழியில் செயல்படுவதற்குப் பின்னர் சான்றுகள் கிடைத்துள்ளன. ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, சிலருக்கு நாட்கள் கழித்துக்கூட, சிவந்து பரவும் தடிப்பு இவை இரண்டிலும் சேராது. அது டி செல்கள் என்ற வேறு வகை எதிர்ப்புச் செல்களின் வேலை.

பழைய மையத்தின் மீது எனக்குக் கோபம் வந்ததும் இங்கேதான். அங்கே ஒரு சொட்டு ‘டெஸ்ட் டோஸ்’ ஏற்றிவிட்டு ஒன்றும் வராது என்று உறுதி சொன்னார்கள். அந்தச் சோதனையால் முழு அளவின் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தடித்த அன்றே ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்து, அச்செல்கள் வெளியிடும் டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவைப் பார்த்திருந்தால், மாஸ்ட் செல்கள் எந்த அளவுக்கு வெடித்தன என்பதற்காவது ஒரு தடயம் கிடைத்திருக்கும்.

புதிய மையத்தின் குறைகளுக்கு வருகிறேன். சேர்க்கைப் படிவத்தில் “இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதா?” என்ற கேள்வி இன்னமும் இருக்கிறது. இறால் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் அதன் தசையிலுள்ள டிரோபோமயோசின் என்ற புரதம். அதற்கும் இந்த மருந்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அடுத்தது, அலர்ஜியை முன்கூட்டியே அடக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்கேனுக்கு 13, 7, 1 மணி நேரத்துக்கு முன் பிரெட்னிசோலோன் 50 மி.கி. என்ற பழகிய முறையைத் தந்தார்கள்; ஸ்கேன் நேரமோ காலை 11 மணி. இரவு பத்துக்கு ஒன்று, விடியற்காலை நான்குக்கு அலாரம் வைத்து எழுந்து ஒன்று, காலை பத்துக்கு ஒன்று. அக்கா சர்க்கரை நோயாளி என்று தெரிந்திருந்தும், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை. அளவு இறங்க இரண்டு நாள் ஆனது.

ஸ்கேன் அறை நன்றாக இருந்தது. கடுமையான அலர்ஜிக்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் இருந்த தட்டு பூட்டிய அலமாரியில் இல்லாமல் ஊசி போடும் இடத்துக்கு அருகிலேயே இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், அது அலர்ஜி இல்லை என்று டெக்னீஷியன் தம்பி முன்பே சொல்லிவிட்டதால் அக்கா பதறவில்லை. முடிந்த பிறகு மருந்து ஏற்றக் கையில் குத்திய குழாயை (வென்ஃப்ளான்) கழற்றாமல் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஆனால் உட்கார வைத்த இடம் நர்ஸின் பார்வையில் படாத தாழ்வாரம்.

பயத்துக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், ஜப்பானில் 3.37 லட்சம் கான்ட்ராஸ்ட் ஊசிகளைத் தொகுத்து 1990-இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். பழைய அயனி வகை மருந்துகளில் 12.66 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு பாதிப்பு வந்தது. இன்று புழங்கும் அயனியற்ற வகையில் அது 3.13 விழுக்காடு. கடுமையான பாதிப்பு மட்டும் என்றால் முறையே 0.22, 0.04 விழுக்காடு.

கிளம்பும்போது கொடுத்த அட்டையில் இரண்டு வரிகள் எழுதியிருந்தார்கள். முதல் வரியில் அயோஹெக்சால், பத்து நிமிடத்தில் காணாக்கடி, மூச்சுத்திணறல் இல்லை. இரண்டாவதில் அயோபாமிடால், ஏற்றிய அளவு, தேதி, அரை மணி நேரத்தில் எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் தடிப்பு வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கீழே ஒரு எண். எதுவும் வரவில்லை. அக்கா பழைய ஃபைலின் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, அதன் மேலேயே அந்த அட்டையைப் பின் செய்துவிட்டார்.