கோயில் பாத்திரம்: கழுவும் வேலையையும் ஏற்றுக்கொள்ளும் வாடகை

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் வட்டாரத்தில் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் கிடைப்பது பெரிய காரியமல்ல. பந்தல்காரரிடம் சொன்னால் அண்டா, சருவம், கரண்டி எல்லாம் வண்டியில் வந்து இறங்கிவிடும். நான் எழுத வந்தது ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் அன்பியப் பெண்கள் நடத்தும் எவர்சில்வர் பாத்திர வாடகையைப் பற்றி. அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் ‘கோயில் பாத்திரம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். தட்டு, டம்ளர், கிண்ணம், குழாய் வைத்த தண்ணீர்ப் பானை, பரிமாறும் வாளி, இவ்வளவுதான் சரக்கு. மற்ற இடங்களில் துலக்கி, துடைத்து, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே எச்சிலைத் தட்டிவிட்டு அப்படியே கொடுத்தால் போதும். கழுவுவது அவர்கள் பொறுப்பு. அந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பேப்பர் கப் நுழைந்தது கழுவ ஆள் இல்லாமல்தான். என் அம்மா தன் தம்பியின் கல்யாணத்தில் தாலி கட்டியதைக்கூடப் பார்க்கவில்லை; கிணற்றடியில் குத்தவைத்துச் செம்பு துலக்கிக்கொண்டிருந்தாளாம். பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுப் பேசிக்கொண்டிருக்க, வீட்டுப் பெண்களும் சொந்தக்காரப் பெண்களும் நள்ளிரவு வரை தேங்காய் நாரும் சாம்பலுமாகப் பின்கட்டில் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். குடித்துவிட்டுத் தூக்கி எறியும் கப் வந்தபோது அந்தப் பெண்களுக்கு முதுகு நிமிர்ந்தது. அதனால் பீடத்தில் நின்று ‘பேப்பர் கப்பை ஒழியுங்கள்’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம், ‘அப்படியானால் கழுவப் போவது யார்?’ என்று எனக்குள் ஒரு கேள்வி எழும்.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4, அசிசி புனித பிரான்சிஸ் திருநாள் வரை திருச்சபை ‘படைப்பின் காலம்’ என்று கொண்டாடுகிறது. அந்த நாட்களில் ஒரு கோயிலில் பூமியைக் காப்பதைப் பற்றி உருக்கமான மறையுரை கேட்டேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தால் மேசை நிறைய பேப்பர் கப்பில் தேநீர். மனம் வருந்தியது. ஆனால் அதை ஊற்றிக்கொண்டு நின்ற பெண்களைக் குறைசொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முந்நூறு டம்ளரைக் கழுவச் சொல்லி அவர்களை மறுபடியும் கிணற்றடிக்கு அனுப்புவது எந்த நியாயம்?

சட்டப்படி அந்தக் கப் புழக்கத்திலேயே இருக்கக்கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் ஒன்று. தண்ணீர் ஊறிவிடாமலிருக்க உள்ளே மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது. சூடான பானம் பதினைந்து நிமிடம் அதில் இருந்தால் 100 மில்லியில் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டுபிடித்தார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் இந்தக் கப்புகளைத் தோட்டத்து மூலையில் குவித்துத் தீ வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அந்தக் கரும்புகை தென்னை ஓலைக்கு மேலே ஏறாமல் பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் போகும். எரிக்காததை மழை இழுத்துக்கொண்டு போய்க் குளத்திலும் கால்வாயிலும் சேர்க்கும். குளச்சல் பக்கம் ஏ.வி.எம். கால்வாயைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பெண்கள் பாத்திரம் சேர்க்கத் தொடங்கியதற்கும் மழைதான் காரணம் என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது கடற்கரை ஊர்கள் ஆட்களைப் பறிகொடுத்தன. உள்ளே எங்களுக்கு ரப்பரும் வாழையும் சாய்ந்தன. 2021 நவம்பர் வெள்ளத்தில் தெருத் தண்ணீர் வடியாமல் நின்றபோது, ஓடையின் மடையில் கைவிட்டு அள்ளியவர்கள் வெளியே எடுத்ததெல்லாம் தண்ணீர் பாட்டிலும் கப்பும்தானாம். “அதில் பாதி நம் கோயில் திருவிழாவில் வந்தது, மக்களே” என்றார் அந்த அம்மா.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காகத்தான் நான் இவர்களிடம் போனேன். முந்தின நாள் இரவு வீட்டில் செபமாலை. அதற்குப் பின் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். அதற்கு 120 தட்டு எடுத்தேன். மறுநாள் மதியம் வாழையிலைச் சாப்பாடு. தண்ணீருக்கும் மோருக்கும் 300 டம்ளர், பாயசத்துக்கு 250 கிண்ணம். பங்கு அலுவலகத்தை ஒட்டிய பழைய மறைக்கல்வி வகுப்பறை ஒன்றுதான் இவர்களின் பாத்திர அறை. நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். முன்பணம் 1,000 ரூபாய். பாத்திரம் குறையாமல் திரும்பினால் அது முழுதும் திரும்பக் கிடைக்கும்.

அந்த அறையில் ஒரு டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு சிலுவை, அதன் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் ஒரு பெயரும் ஆண்டும். அடுத்ததிலும் அப்படியே, வேறு பெயர். இறந்தவர் வீட்டுக்கு மலர்வளையம் வாங்கும் பணத்தில் ஒரு டஜன் டம்ளரோ தட்டோ வாங்கிக் கொடுக்கலாம் என்று பங்குப்பேரவையில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். மலர்வளையம் என்பது பெரும்பாலும் தெர்மாகோல் வட்டமும் சரிகைத்தாளும்தானே, மறுநாளே கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் குப்பையாகக் கிடக்கும். இப்போது அந்தப் பெயர்கள் கல்யாணத்திலும், பிள்ளைகள் முதன்முதலில் நற்கருணை வாங்கும் புதுநன்மையிலும், திருவிழாவிலும் ஊர் முழுவதும் பந்தியில் சுற்றி வருகின்றன. அம்மாவின் பெயரிலும் ஒரு டஜன் தட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கழுவும் இடத்தையும் போய்ப் பார்த்தேன், ஏனென்றால் என் சந்தேகமெல்லாம் அங்கேதான். கோயில் அரங்கின் பின்னால் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டி, மூன்று தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். யாரும் குத்தவைக்க வேண்டியதில்லை, நின்றபடியே வேலை செய்யலாம். முதல் தொட்டிக்குப் போகுமுன் எச்சிலை வழித்து உரக்குழியில் போடுகிறார்கள். அப்புறம் பீர்க்கங்கூட்டால் சோப்புத் தேய்ப்பு, அடுத்த தொட்டியில் அலசல், கடைசியில் கொதிநீரில் முக்கி எடுத்து மூங்கில் தட்டியில் வெயிலில் கவிழ்ப்பது. மீன்வாடை உள்ள தட்டுக்குப் புளிச்சக்கை தனியாக வைத்திருக்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாததால் தண்ணீர் வீணாவதில்லை. அலசிய நீர் ஓடை வழியாகச் செவ்வாழைப் பாத்திக்குப் போகிறது. கழுவுகிற பெண்களில் பலர் முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள். ஆலையில் வேலை இல்லாத நாட்களில் இங்கே வருகிறார்கள், வந்த நாளுக்குக் கூலி உண்டு. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களுக்குச் சோப்புத் தண்ணீரும் எரியும் என்பதால் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற தமது 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னார். பேப்பர் கப்பை ஒழிக்கிறோம் என்று அந்தப் பாரத்தைக் கூலியில்லாமல் வீட்டுப் பெண்கள் தலையில் ஏற்றியிருந்தால் இந்தக் காரியத்தை நான் பாராட்டியிருக்க மாட்டேன்.

அந்தச் சுற்றுமடலின் 211-ஆம் பத்தி அப்படியே ஒரு சமையல்கட்டுக்கு எழுதியது மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்கும் காகிதமும் தவிர்ப்பது, தண்ணீரைக் குறைத்துச் செலவழிப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது, சாப்பிடும் அளவுக்கு மட்டும் சமைப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது என்று வரிசையாக வருகிறது. அன்பியக் கூட்டத்தில் அந்தப் பத்தியை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, நம்மால் எது முடியும் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்களாம். அப்படிப் பேசியபோது எல்லாம் வந்து முட்டியது கழுவும் வேலையில்தான்.

பணக்கணக்குக்கு வருகிறேன். தட்டு 4 ரூபாய், டம்ளர் 2 ரூபாய், கிண்ணம் 2 ரூபாய், கழுவும் கூலி இதற்குள்ளேயே. எனக்கு வந்தது 1,580 ரூபாய், லோடு ஆட்டோவுக்கு 300. பந்தியில் சின்னத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் ஒன்று 6 ரூபாய் வீதம் 250 பேருக்கு 1,500 ரூபாய் அதற்கே போயிருக்கும். அதற்குப் பதில் டம்ளர் வாடகை 600, தண்ணீர்க் கேன்களுக்கு 240, ஆக 840-இல் முடிந்தது. பாதி குடித்துவிட்டு மூடியைத் திருகி வைத்துப் போகிற பாட்டில்களும் இல்லை. ஆனால் வெறும் தேநீர் மட்டும் கொடுக்கிற நிகழ்ச்சி என்றால் பேப்பர் கப்தான் மலிவு. அதை மறைத்துப் பயனில்லை. அங்கே கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைக் கழுவும் கைகளுக்கான கூலி என்று நினைத்துக் கொடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. காலை ஆறு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஏழரைக்கு வந்தார்கள். கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் அக்கம்பக்கத்து வீட்டு டம்ளர்களில் காப்பி கொடுத்துச் சமாளித்தோம். ஒரே ஆட்டோவை நம்பி இரண்டு வீட்டுக்கு ஒரே நேரம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கிண்ணங்கள் இரண்டு அளவில் கலந்து வந்தன. பாயசம் பரிமாறும்போது பெரிய கிண்ணம் கிடைத்தவரைப் பார்த்துச் சின்னக் கிண்ணம் கிடைத்த பிள்ளைகள் முகம் சுண்டின. இனியாவது அளவு பார்த்துக் கட்டி வையுங்கள். டம்ளருக்கு விளிம்பு மடிப்பு இல்லாததால் கட்டன் சாயா ஊற்றினால் வயதானவர்களால் பிடிக்க முடியவில்லை, துண்டைச் சுற்றிக்கொண்டு குடித்தார்கள். தேநீருக்கென்று விளிம்புள்ள டம்ளர் தனியாக ஒரு இருநூறு வாங்கியே ஆக வேண்டும். குழாய் வைத்த பானையும் போதாது.

திருப்பிக் கொடுக்கும்போது இருபது இருபதாக அடுக்கி எண்ணினார்கள். ஒரு டம்ளர் குறைந்தது, 60 ரூபாய் பிடித்தார்கள். மறுவாரம் அது எங்கள் பலாமரத்தடியில் கிடந்தது. பிள்ளைகள் மண்ணில் விளையாட எடுத்திருக்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுத்ததும் நோட்டில் அடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். இந்தக் கண்டிப்பு வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு திருவிழா தாண்டுமுன் அறை காலியாகிவிடும்.

என் தம்பி கடற்கரை ஊரில் பெண் எடுத்தவன். “வள்ளவிளையிலும் இரயுமன்துறையிலும் கடல் வீட்டை இடித்துக்கொண்டு போகிறது, நீ டம்ளரைப் பற்றிப் பேசுகிறாயே அக்கா” என்றான். அவன் ஆதங்கம் நியாயமானது. அலைத்தடுப்புச் சுவருக்கும் வீடிழந்தவர்களின் மாற்றிடத்துக்கும் அரசிடம் விடாமல் கேட்கத்தான் வேண்டும், பங்குகளும் மறைமாவட்டமும் முன்னால் நிற்கத்தான் வேண்டும். ஆனால் கடலோர மக்களுக்காகக் கையெழுத்து வாங்க எங்கள் தெருவுக்கு வந்தவர்களும் இதே பாத்திர அறைப் பெண்கள்தான் என்று அவனிடம் சொன்னேன். மாதம் ஒருமுறை கணக்குப் பார்க்கக் கூடுகிறவர்களுக்கு அடுத்த காரியத்துக்குக் கூடுவது சுலபம்.

அறையின் ஒரு மூலையில் துணிப்பை, பனையோலைப் பெட்டி, சிரட்டையில் வளர்த்த துளசி, கறிவேப்பிலைக் கன்றுகள் விற்கிறார்கள். ஓலைப்பெட்டி நன்றாக இருக்கிறது, பலகாரம் கொடுத்தனுப்ப வாங்கலாம். துணிப்பையின் காதுத் தையல் உறுதியில்லை, இரண்டு கிலோ அரிசிக்கே பிரிந்துவிட்டது.

எந்த மதத்தினரும் எடுக்கலாம். பக்கத்து அம்மன் கோயில் கொடைக்கும் இங்கிருந்துதான் டம்ளர் போனது. நோட்டில் எனக்கு முந்திய பக்கத்தில் ஒரு நிக்காஹ் வீட்டின் பதிவு இருந்தது. வாடகையில் யாருக்கும் வித்தியாசம் கிடையாது. இறப்பு வீட்டுக்கு மட்டும் முன்பணம் கேட்பதில்லை, இரவில் போய்த் தட்டினாலும் அறையைத் திறக்கிறார்கள். சொந்தப் பங்கின் திருவிழாப் பத்து நாட்களிலும் வெளியே கொடுக்க மாட்டார்கள். நவம்பர் கடைசியிலிருந்து கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் என்று வரிசையாகத் தேதிகள் நிரம்பிவிடும், மே மாதத்தில் புதுநன்மையும் கல்யாணமும் சேர்ந்துகொள்ளும். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பாத்திர அறை திறந்திருக்கும். இரண்டு மாதம் முன்பே போய்த் தேதியை எழுதி வையுங்கள். காலை நிகழ்ச்சி என்றால் பாத்திரத்தை முந்தின நாள் மாலையே இறக்கச் சொல்லுங்கள்.